வருகை நேரம்

காலை மணி 10.40.

கதவு சாத்தியிருக்கவில்லை. "வீட்ல யாரு?" என்று குரல் கொடுத்தபடியே மோப்பம் செருப்பைக் கழற்றினாள். உள்ளே நாற்காலியில் ஒருவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தது. முகம் அன்று காலைதான் மழித்தது; தாடையோரம் சின்னதாக ஒரு வெட்டு. விருந்தாளிக்குக் காத்திருப்பவர் மாதிரி இரண்டு கையும் முழங்கால் மேல் இருந்தன.

"கல்லூரி உதவித்தொகை ஆபீஸ்லேருந்து வர்றேங்க," என்றாள்.

பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவருடைய உதடு நீலம் பாரித்திருப்பது கண்ணில் பட்டது. மணிக்கட்டைத் தொட்டாள். சூடு முழுசாக ஆறவில்லை. நாடி இல்லை.

மோப்பம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆபீஸில் வைத்தது. கிராமத்துப் பெண்களைக் கல்லூரிக்கு அனுப்புகிற ஓர் அறக்கட்டளையில் அவள் வீட்டுச் சரிபார்ப்பாளர். விண்ணப்பித்த பெண் நிஜமாகவே ஏழைதானா என்று வீட்டுக்குப் போய்ப் பார்த்து மார்க் போடுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறாள். வைக்கோல் போருக்குள் போன டிவியையும், பக்கத்து வீட்டுக்குக் குடிபோன ஃபிரிட்ஜையும் கண்டுபிடித்தவள். யாராவது எதையாவது மறைத்தால் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அதற்கு ஒரு தொழில் ரகசியமும் வைத்திருந்தாள். சொன்ன நேரத்துக்குப் போகவே மாட்டாள். ஒன்பதரை என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிடுவாள். ஸ்கூட்டரை டீக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தெருவில் எந்த வீட்டுச் சாமான் எங்கே போகிறது என்று வேடிக்கை பார்ப்பாள். மேடம் இனிமேல் வரமாட்டார் என்று வீட்டார் சலித்துப்போய், ஒளித்ததையெல்லாம் திரும்ப எடுத்து வைக்கிற நேரமாகப் பார்த்து உள்ளே நுழைவாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்களின் முகத்தைப் பற்றி ஆபீஸில் கதை கதையாகச் சொல்லுவாள்.

இன்றும் அப்படித்தான். இரண்டு டீ குடித்தாள். 9.12-க்கு ஓர் ஆள், போர்வை சுற்றிய சதுர மூட்டையை சைக்கிள் கேரியரில் வைத்து, குழந்தையைப் பிடிப்பதுபோல ஒரு கையால் அணைத்துக்கொண்டு தள்ளிப்போனான். 'ஆரம்பிச்சுட்டாங்கப்பா' என்று சிரித்தபடி நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

இப்போது, ஊரைக் கூப்பிடுவதற்கு முன்னால், பழக்கதோஷம் அவளை விடவில்லை. கண் தானாக அறையைச் சுற்றியது. ஒரே அறை. கட்டில், பூட்டாத தகரப் பெட்டி, திறந்தால் துணிக்கு மேலே ஒரு ஜோடி தோடு, ஒரு மூலையில் அடுப்பு. கட்டிலுக்கு அடியில் பழைய சேலை போர்த்திய உருண்டை. தூக்கினால் மேசை விசிறி. எதிர்பார்த்ததுதான். கட்டிலின் தலைமாட்டில், சுவிட்சுக்கு நேர் கீழே, பெரிய தண்ணீர்ப் பானை. அடுப்பு மூலையிலிருந்து அது வரைக்கும் சிமெண்டுத் தரையில் தண்ணீர் சிந்திய தடம், பாதி காய்ந்திருந்தது. இறந்தவருடைய வலது சட்டைக் கையில் இன்னும் லேசாக ஈரம். சட்டைப் பையில் ஒயர் மாதிரி ஏதோ சுருட்டி வைத்திருந்தது. பாட்டு கேட்கிற ஒயராக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பிறகுதான் வாசலுக்கு ஓடினாள்.

மணி 10.55.

விண்ணப்பித்த பெண்ணின் அம்மா கோழிப்பண்ணை உடுப்போடு வந்தாள். முட்டை அடுக்குகிற வேலை, பத்தரைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பின்னாலேயே, சான்றிதழ் நகல்களைப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மகள் வந்தாள். பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். விடிகாலை ஐந்திலிருந்து எட்டு வரை அம்மாவோடு முட்டை அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போய், பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள். அந்த வட்டாரத்துக்கு ஒரே ஓர் உதவித்தொகைதான். இறுதிப் பட்டியல் இன்று மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது.

அம்மா புருஷன் காலடியில் விழுந்தாள். அழுதுகொண்டே தலைமாட்டைப் பார்த்தவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"மிஷின் எங்க?"

"எந்த மிஷின்?" என்றாள் மோப்பம்.

"மூச்சு மிஷின் மேடம். ஆஸ்பத்திரியில குடுத்தது. ராப்பகலா அதுல குழாயை மாட்டித்தான அவர் உசிரு ஓடுது." பானையை இழுத்து நகர்த்தினாள். அடியில், சுற்றிலும் அழுக்கேறிய தரையில், ஒரு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நாலு மூலையிலும் சக்கரம் பதிந்த தடம்.

பாப்பா அழவில்லை. நகல்கள் இருந்த பிளாஸ்டிக் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணி 11.30.

இன்ஸ்பெக்டர் வந்தார். சுகாதார நிலையத்து நர்ஸும் வந்தார்.

"கல்லுடைக்கிற இடத்துல இருபது வருஷம். நுரையீரல் முழுக்கத் தூசி," என்றார் நர்ஸ். "மிஷின் இல்லாம ஒரு மணி நேரம் தாங்குவார். கரண்ட் போனா அப்படித்தான் சமாளிப்பாங்க. அதுக்கு மேல தாங்காது."

"எப்போ போயிருக்கும்?"

"பத்தேகாலுக்கு முன்னாடி இருக்காது சார்."

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பத்து மணி சார். பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மணி அடிச்சாங்க. ஜன்னல் வழியா, 'மேடம் வந்தாச்சாண்ணே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"பேசல. இன்னும் வரலைன்னு கையை மட்டும் ஆட்டினார். சிரிச்சார்கூட."

"மூக்குல குழாய் இருந்துச்சா?"

தையல்காரம்மா யோசித்தாள். "இல்ல. நல்ல சட்டை, மழிச்ச முகம். ஆளு தேறிட்டார்னு நெனச்சேன் சார். சந்தோஷப்பட்டுட்டு தையல் மிஷின்ல போய் உக்காந்துட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்ல வேற யாரு?"

அம்மா தயங்கினாள். "என் தம்பி. எங்களோடதான் இருக்கான். காலையிலேருந்து காணோம்."

இன்ஸ்பெக்டர் தெருவில் நாலு பேரிடம் விசாரித்தார். போன மாதம் சொந்தப் போனையே விற்றுக் குடித்தவன் என்று நாலு பேரும் சொன்னார்கள். மோப்பத்தின் நோட்டில் 9.12 என்று குறித்திருந்ததைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "கேஸ் முடிஞ்சுது மேடம். நீங்க எங்க டிபார்ட்மெண்டுக்கு வந்திருக்கணும்," என்றார். மோப்பத்துக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பின்னாளில் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மணி 12.10.

அந்தத் தம்பியை, பாப்பாவின் மாமாவை, தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊருக்கு வருகிற ஒரே சாலையின் ஓரத்தில், பம்பு செட் அறையின் வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே மிஷின், விரித்த சாக்கின் மேல் நிமிர்ந்து நின்றது. ஒயரைச் சுருட்டி ரிப்பனால் கட்டியிருந்தான். காற்றை ஈரமாக்குவதற்காக முன்பக்கம் மாட்டியிருந்த சின்னத் தண்ணீர்ப் புட்டியில் கோடு வரைக்கும் தண்ணீர் சிந்தாமல் இருந்தது.

அத்தான் இறந்துவிட்டார் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது அவன் மிஷினைத் திரும்பிப் பார்த்தான். சுவரில் தலையை மோதிக்கொண்டான். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"எதுக்குடா எடுத்தே?"

"விக்கிறதுக்கு."

"யார்கிட்ட?"

"யாராவது வாங்குவாங்க."

"மூணு மணி நேரமா இங்கயே ஏன் உக்காந்திருந்தே?"

"திருடினேன் சார். நான்தான். எழுதிக்குங்க."

"குடிச்சிருக்கியா?"

"ஆமா," என்றான். அவன் வாயில் பல்பொடி வாடைதான் அடித்தது.

மோப்பம் அந்தப் புட்டியைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் வேர்த்தது. ஆனால் இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

மணி 2.00.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மோப்பம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து பாப்பாவின் விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தாள். வீட்டைப் பார்த்து முடிக்கும் வரை விண்ணப்பத்தில் உள்ள கட்டுரையைப் படிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். படித்தால் மனசு இளகிவிடும், மார்க் கோணலாகிவிடும். இப்போது மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

'எங்கள் வீட்டில் ஒரு மூச்சு இயந்திரம் இருக்கிறது. அதன் சத்தத்தில்தான் படிப்பேன். மின்சாரம் போனால் சத்தம் நிற்கும். அப்போது கணக்கு நோட்டால் அப்பாவுக்கு விசிறுவேன். மின்சாரம் இல்லாமலும் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகப் படிக்க விரும்புகிறேன்.'

மூடிவைத்தாள். இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனாள்.

மணி 3.10.

"அவன் திருடல சார்," என்றாள்.

வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டர் வழக்கு எழுதிக்கொண்டிருந்தார். மாமா விலங்கோடு சுவரோரம் குந்தியிருந்தான். அம்மாவும் பாப்பாவும் உள்ளே இருந்தார்கள்.

"அவனே ஒத்துக்கிட்டானே."

"பெட்டி பூட்டாம கிடக்கு. அதுக்குள்ள அக்காவோட தோடு இருக்கு. ரெண்டு விரலால எடுத்துட்டுப் போற சாமானை விட்டுட்டு, எவனாவது பட்டப்பகல்ல அவ்ளோ பெரிய மிஷினைத் தள்ளிட்டுப் போவானா? புட்டித் தண்ணி சிந்தாம, ஒயரைக் கட்டி எடுத்துட்டுப் போவானா? இது திரும்பி வர வேண்டிய சாமான் சார்."

"யார் சொல்லி எடுத்தான்?"

"அந்தப் பானை. மிஷின் போனதுக்கு அப்புறம்தான் அதை அங்க இழுத்து வெச்சிருக்காங்க. அப்போ வீட்ல இருந்தது ஒரே ஒருத்தர். அவர் சட்டைக் கைதான் ஈரமா இருந்துச்சு. திருட்டுக் குடுத்தவர் எதுக்கு சார் தடத்தை மறைக்கணும்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"சட்டைப் பையில அந்த மூச்சுக் குழாய் இருந்துச்சு. நான் பாட்டு ஒயர்னு நெனச்சேன். மிஷின் வந்த உடனே மாட்டிக்கிறதுக்குத் தயாரா சுருட்டி வெச்சிருந்தார். விசிறியைக் கட்டிலுக்கு அடியில தள்ளினதும் அவர்தான். எங்க படிவத்துல பதினாலாவது கேள்வி, வீட்ல உள்ள மின்சாதனங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எல்லாம்."

"மேடம், வேணாம்," என்றான் மாமா. முதல் தடவையாக அவன் குரல் கெஞ்சியது. "பாப்பா உள்ள இருக்கா. நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். அவளுக்குத் தெரிய வேணாம்."

"நீ திருடன்னு எழுதினா, வீட்ல குற்ற வழக்குன்னு அவ விண்ணப்பத்தை நிறுத்தி வெச்சுடுவாங்கப்பா. அஞ்சு மணிக்குப் பட்டியல் மூடுது."

அவனுக்கு அது தெரியாது. அப்புறம் உடைந்து போய்ச் சொன்னான்.

"அத்தான்தான் சார் சொன்னார். மேடம் ஒன்பதரைக்கு வருவாங்க, கால் மணி நேரத்துல போயிடுவாங்க, அதுவரைக்கும் தாங்கிக்குவேன்னார். ஸ்கூட்டர் ஊருக்குள்ள போயிட்டுத் திரும்பி வெளிய போனதும் மிஷினைக் கொண்டுவான்னார். நடுவுல வந்து காரியத்தைக் கெடுத்துடாதேன்னு சத்தியம் வாங்கினார். நான் ரோட்டையே பார்த்துட்டு இருந்தேன். ஸ்கூட்டரே வரல. நாலு தடவை எழுந்தேன் சார். மேடம் அந்த நேரம் பார்த்து வந்துட்டா என்ன பண்றதுன்னு திரும்ப உக்காந்துட்டேன். கேட்கலாம்னா போன் இல்ல. அதைத்தான் குடிச்சுத் தொலைச்சேனே."



"மிஷின் இருந்தா மார்க் குறையும்னு அவருக்கு யார் சொன்னது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தான்," என்றாள் மோப்பம்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கடைசி வரிசையில் தாடியும் துண்டுமாக ஒருவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்; மழித்த முகத்தில் அவளுக்கு அடையாளம் தெரியாமல் போனது அவரைத்தான். 'வீட்டுல மிஷினு இருந்தா, மேடம்?' என்று கேட்டார். என்ன மிஷின் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. 'கரண்ட்ல ஓடுறது எது இருந்தாலும் குறிப்பேன், மார்க் குறையும். ஒளிச்சு வெக்கலாம்னு நெனைக்காதீங்க, எனக்கு மோப்பம் ஜாஸ்தி' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான் இருமலுக்கு நடுவில் சிரித்தார்.

"வைத்திய மிஷினுக்கு மார்க் குறையாது சார். வீட்ல தீராத நோயாளி இருந்தா எட்டு மார்க் கூடும். அதை அவர் மறைக்கவே வேண்டியதில்ல. என்ன மிஷின்னு நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா, அதை அப்பவே சொல்லியிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் எழுதிய தாளைக் கிழித்தார். மாமாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார்.

பாப்பா வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஒரே அறை வீட்டில் எதை மறைக்க முடியும்? மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, விலங்கு அழுத்திச் சிவந்திருந்த அவன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

"மேடம், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளும்மா."

"மாமா ஒன்பது பத்து, ஒன்பதே காலுலேருந்து ரோட்டைப் பார்த்துட்டு இருந்திருக்கார். உங்க ஸ்கூட்டர் போகவே இல்லைங்கிறார். ஊருக்கு வேற வழி கிடையாது. ஆனா பத்து நாற்பதுக்கு நீங்க வீட்டுக்குள்ள இருந்தீங்க." கணக்குப் போடுகிறவளின் நிதானத்தோடு பேசினாள். "அப்போ அதுக்கு முன்னாடியே ஊருக்குள்ள வந்துட்டீங்க. ஒன்பதரைக்கு எங்க இருந்தீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் மோப்பத்திடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எல்லாருடைய நேரத்தையும் நோட்டில் குறித்தவள், தன் நேரத்தை மட்டும் ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஸ்கூட்டர் பழுது என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

"டீக்கடையில," என்றாள். "உங்க தெரு முனையில."

"ஏன்?"

"லேட்டா வந்தா, ஒளிச்சு வெச்சவங்க மாட்டுவாங்க. அதுக்குத்தான்."

அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. ஒரு கேவல் சத்தம் வந்தது. மோப்பத்தைத் திட்டியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஒன்பதரை மணிக்கு அவள் அந்தப் படியேறியிருந்தால் அந்த மனிதர் பிழைத்திருப்பார். அதை அங்கே யாரும் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பத்து மணிக்கும் சிரிச்சாராம்," என்றாள் பாப்பா. "இதோ வந்துடுவாங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்னு நெனச்சிருப்பார்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

மணி 4.30.

"உதவித்தொகை வேணாம்னு நீ சொன்னாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க," என்றாள் மோப்பம். "உன் இஷ்டம்."

பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம்னு சொன்னா, அப்பா எதுக்குப் போனார்னே இல்லாம போயிடும். வாங்கிக்கிட்டா, ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கிட்டுத்தான் காலேஜுக்குப் போகணும்." நகல்கள் இருந்த உறையை மோப்பத்திடம் நீட்டினாள். "தூக்கிட்டுப் போறேன். எழுதுங்க மேடம்."

படிவத்தை எழுத உட்கார்ந்தாள் மோப்பம். முதல் கட்டத்தில் 'வருகை நேரம்' என்று இருந்தது. எத்தனையோ நூறு படிவங்களில் அதில் சொன்ன நேரத்தையே எழுதி வந்திருக்கிறாள். யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை எழுதினாள்: ஊருக்கு வந்தது 8.55. வீட்டுக்கு வந்தது 10.40. இடையில் டீக்கடை. கீழே கையெழுத்துப் போட்டாள். இதைப் படிக்கிறவர்கள் தன்னை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நேரம் இல்லாததால் ஆபீஸுக்குப் போன் போட்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். எதிர்முனையில் குமாஸ்தா எழுதிக்கொண்டான்.

"வருகை நேரம் ஒன்பதரைதானே மேடம்?"

"இல்ல. பத்து நாற்பது. அப்படியே போடு."

"பதினாலு?"

"ஒரு விசிறி. ஒரு மூச்சு இயந்திரம். மருத்துவ சாதனம்."

"சரி. முதல் பக்கத்துல ஒண்ணு விட்டுப்போச்சு மேடம். தந்தை இருக்காரா, இல்லையா? இல்லைன்னா பதினைஞ்சு மார்க் வரும். பொண்ணு நேரா முதல் இடத்துக்கு வந்துடும்."

மோப்பம் போனைக் காதிலிருந்து எடுத்தாள். குமாஸ்தாவின் குரல் வாசல் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

மாமா மிஷினைக் கொண்டுவந்து தலைமாட்டில் அதே சதுரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். பாப்பா அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"ஒன்பதரைக்கு அப்பா இருந்தார்," என்றாள். "இருக்கார்னே எழுதச் சொல்லுங்க."